நெல்லி தின்ற வாய்

தருமபுரி மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுக்கும் காட்சி ரேஷன் கார்டு மாதிரி. எல்லோரிடமும் இருக்கும், யாரும் எடுத்து உற்றுப் பார்க்க மாட்டோம். சிலையாகப் பார்த்திருக்கிறோம், பாடப்புத்தகத்தில் படமாகப் பார்த்திருக்கிறோம். பள்ளி ஆண்டு விழாவில் அட்டைக் கிரீடம் வைத்த ஏழாம் வகுப்பு அதியமான் ஒரு எலுமிச்சம்பழத்தை நெல்லிக்கனி என்று நீட்டுவதையும் பார்த்துக் கைதட்டியிருக்கிறோம். வாங்கிக்கொள்ளும் ஔவை எப்போதும் கிழவிதான். நெற்றி நிறைய விபூதி, கையில் கோல். 1953இல் வந்த ஜெமினியின் ‘ஔவையார்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் அப்படி நடந்து வந்து பாடிய பிறகு, வேறு ஔவையை நினைத்துப் பார்க்கவே வழியில்லாமல் போய்விட்டது.

புறநானூற்றில் இருக்கும் ஔவை வேறு ஆள். ஆத்திசூடி எழுதிய ஔவை இவருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவர். புறநானூற்றின் 89ஆம் பாடலில் பகையரசன் ஒருவன் இவரைப் பார்த்து, மை தீட்டிய கண்ணும் ஒளிவிடும் நெற்றியும் கொண்ட விறலியே, உங்கள் நாட்டில் சண்டை போட ஆள் இருக்கிறார்களா என்று கேட்கிறான். விறலி என்றால் பாடியும் ஆடியும் பிழைக்கும் பாணர் குடிப் பெண். அரண்மனைக்கு அரண்மனை நடந்து, வாசலில் காத்திருந்து, கிடைத்ததை உண்ட கூட்டத்தில் ஒருத்தி. அந்தப் பெண்ணைக் கிழவியாக்கிக் கையில் கோலைக் கொடுத்தபோது நாம் ஒன்றைத் தொலைத்துவிட்டோம். அவருடைய பசியை.

புத்தகம் மனசுக்குச் சோறு, கவிதை ஆன்மாவுக்கு உணவு என்றெல்லாம் புத்தகக் கண்காட்சி பேனர்களில் எழுதுகிறார்கள். எனக்கு அதில் சண்டை இல்லை. என் வாழ்க்கையும் அப்படித்தான் போகிறது. பகலெல்லாம் கோட் எழுதிவிட்டு ராத்திரி ஏதாவது ஒரு பக்கம் படித்தால்தான் தூக்கம் வருகிறது. ஆனால் எங்கள் ஊர்க் கவிதைகளில் சோறு என்றால் முதலில் சோறுதான். தட்டில் விழும் சோறு.

நான் புறநானூற்றை ஒழுங்காகப் படித்தது பொம்மிடிக்கும் பெங்களூருக்கும் நடுவில், ரயிலில். பொறியியல் படித்தவனுக்குப் பன்னிரண்டாம் வகுப்போடு தமிழ் முடிந்துவிடுகிறது. பிறகு தேடி எடுத்துக்கொண்டால்தான் உண்டு. எனக்கு அது மதுரைத் திட்டத்தின் கோப்புகளாக வந்தது. 1998 பொங்கலில் சில தன்னார்வலர்கள் தொடங்கிய வேலை அது. பழைய நூல்களை உட்கார்ந்து தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டார்கள். பழைய கோப்புகள் பல திஸ்கி குறியீட்டில் இருந்தன. அந்தப் பழைய கோப்பு ஒன்றை இப்போது சும்மா திறந்தால் திரை முழுக்க ஐரோப்பிய எழுத்துகள் கலைந்து கிடக்கும். கரையான் தின்ற ஏட்டை நான் கையில் தொட்டதில்லை. இது கொஞ்சம் அந்த மாதிரிதான் இருக்கும்போல.

91ஆம் பாடல்தான் நெல்லிப் பாட்டு. நீ பிறை சூடிய நீலகண்டனைப் போல நிலைத்து வாழ்க என்று அஞ்சியை வாழ்த்துகிறது. காரணம்: பெரிய மலையின் பிளவில், ஏறுவதற்கரிய உச்சியில் கிடைத்த, சின்ன இலை கொண்ட நெல்லியின் இனிய கனியை, அதன் பலன் இன்னதென்று சொல்லாமல் தனக்குள் அடக்கிக்கொண்டு, எனக்குச் சாவு நீங்கும்படி கொடுத்துவிட்டாயே என்பதுதான். நாடகத்தில் அதியமான் மைக் பிடித்து “இக்கனியை உண்டவர் நெடுநாள் வாழ்வர்” என்று முழங்குவான். பாட்டில் அவன் வாயே திறக்கவில்லை. கொடுத்த பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது.

என்னை நிறுத்தியது வேறொரு சொல். இனிய கனி என்கிறாள். நெல்லிக்காய் எங்கே இனிக்கிறது?

பொம்மிடிக்குத் தெற்கே சேர்வராயன் மலை. ஏற்காடு என்றால் எல்லோருக்கும் சேலத்திலிருந்து ஏறும் கொண்டை ஊசி வளைவுகள்தான் ஞாபகம் வரும். நாங்கள் பார்ப்பது அந்த மலையின் முதுகை. குளிர்காலத்தில் மலைநெல்லி சந்தைக்கு வரும். பெரிய ரக ஒட்டு நெல்லி இல்லை, கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரியதாக, மஞ்சள் பச்சையில் இருக்கும். சந்தையில் சாக்கு விரித்துக் கூறு கட்டி விற்கும் ஒரு ஆயாவிடம் வாங்கும்போது, ஒன்றைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தேன். அவர் பக்கத்தில் இருந்த பாட்டிலை நீட்டி, “தண்ணி குடி கண்ணு, அப்பறம் சொல்லு” என்றார். குடித்தேன். கார்ப்பரேஷன் குழாயில் பிடித்த வெறும் தண்ணீர் வெல்லம் கரைத்த மாதிரி தொண்டையில் இறங்கியது.

சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம்தான். ஆனால் பாட்டோடு சேர்த்து அன்றுதான் தெரிந்தது. நெல்லியின் இனிப்பு நெல்லியில் இல்லை, பின்னால் வரும் தண்ணீரில் இருக்கிறது. உரைகாரர்கள் இனிய பழம் என்று பொருள் சொல்லிக் கடந்துவிடுவார்கள். மலைநாட்டு வறண்ட பாதையில் நடந்து பிழைத்த விறலிக்கு அதை விளக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. சங்கப் புலவர்களுக்கு இது நன்றாகத் தெரியும் என்பதற்குச் சாட்சி அகநானூற்றின் 54ஆம் பாடல். போரிலிருந்து வீடு திரும்பும் ஒருவன் தன் மனைவியை நினைக்கிறான். அவள் நிலாவைப் பார்த்து, என் பிள்ளையோடு விளையாட வந்தால் உனக்குப் பால் தருவேன் என்று கூப்பிடுகிறாள். அந்தப் பேச்சு, நெல்லிக்காய் தின்றவர் குடிக்கும் தண்ணீர்போல இனிக்கிறதாம். இந்த உவமையைச் செய்தவன் நிச்சயம் தின்று பார்த்தவன்.

படிப்பு ஒரு பக்கம், பார்ப்பது ஒரு பக்கம் என்று நான் வைத்திருந்த இரண்டு டப்பாக்களும் அந்த வாய்த் தண்ணீரில் கலந்துவிட்டன. அதற்குப் பிறகு ஔவையின் பாடல்களைச் சாப்பாட்டுக் கணக்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

கணக்கு சுவாரஸ்யமானது. 206ஆம் பாடலில் ஔவை அதியமானின் வாயில் காவலனிடம் கோபமாகப் பேசுகிறார். பரிசு தாமதமாகிறது. உன் அரசனுக்குத் தன்னைத் தெரியாதா, என்னைத் தெரியாதா? அறிவும் புகழும் உள்ளவர்கள் செத்துப்போய் உலகம் ஒன்றும் காலியாகிவிடவில்லை. யாழை எடுத்தாச்சு, பையைக் கட்டியாச்சு. மரம் வெட்டும் தச்சனின் பிள்ளை கோடரியோடு காட்டுக்குப் போனால் எந்தப் பக்கமும் மரம் கிடைப்பதுபோல எங்களுக்கு எந்தத் திசையிலும் சோறு கிடைக்கும் என்கிறார். ஐ.டி. கம்பெனியில் நோட்டீஸ் பீரியட் கொடுத்தவன் எவனும் இவ்வளவு நன்றாக எழுதியதில்லை. 101ஆம் பாடலில் இதே காத்திருப்பு, வேறு குரலில். ஒரு நாள் போனாலும் பல நாள் போனாலும், பலரைக் கூட்டிக்கொண்டு போனாலும் முதல் நாள் காட்டிய அன்பையே காட்டுகிறான். பரிசு முன்னே பின்னே ஆகலாம். யானை தன் கொம்புகளுக்கு நடுவில் வைத்துக்கொண்ட கவளம் எங்கே போய்விடும்? உண்ண ஏங்கும் நெஞ்சே, நீ வருந்தாதே. இதை அவர் யாருக்கும் சொல்லவில்லை, தன் நெஞ்சுக்குச் சொல்லிக்கொள்கிறார். இரண்டு பாடல்களில் எது முன்னால் பாடப்பட்டது என்பதை யார் சொல்ல முடியும். பசித்தவர்களுக்கு இரண்டும் ஒரே நாளில்கூட வரும்.

99ஆம் பாடல் அஞ்சியின் முன்னோர்கள் கரும்பை இங்கே கொண்டுவந்தார்கள் என்கிறது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் இன்றைக்கும் கரும்பு லாரிகள் ஆலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. லாரிக்குப் பின்னால் பைக்கில் போகிறவன் கரும்பை உருவுவதும் நடக்கிறது. அதியன் என்ற பெயர் வெறும் பாட்டுக்கதை இல்லை என்பதற்கு 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கிடைத்த தமிழி கல்வெட்டு ஆதாரம். அதிலும் அவன் கொடுக்கிறான். தங்கிப் படுக்க ஒரு குகையிடம்.

கொடுத்தான், கொடுத்தான் என்று படித்துக்கொண்டே போனால் ஒரு இடத்தில் எனக்குக் கேள்வி வரும். பாணருக்குப் போட்ட சோற்றின் அரிசி எங்கிருந்து வந்தது? ஆநிரை கவர்ந்ததும் பகைவர் நாட்டைச் சுட்டதும் இதே நூலில்தான் இருக்கிறது. பறிகொடுத்த ஊர்க்காரன் பாடிய பாட்டு தொகுப்பில் அதிகம் இல்லை. ஔவை மேல் வைத்திருக்கும் அன்பு இதைக் கேட்க விடாமல் தடுத்தால் அது அன்பில்லை என்று நினைக்கிறேன்.

இனி ஒரு பெரிய தாவல். தகடூரின் மண்ணில் எழுதப்பட்ட வரலாற்றிலேயே கொடிய பசி 1876இல் வந்தது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். அப்போது தருமபுரி தனி மாவட்டம் இல்லை. 1965 அக்டோபர் 2 வரை சேலத்தோடு இருந்தது. சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்து 67 ஆயிரம் அளவில் இருந்தது. 1881இல் 16 லட்சம். பத்து வருடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்டக் காணோம். சென்னையிலிருந்து சேலம் போகும் ரயில் பாதை 1860களிலேயே வந்துவிட்டது. தானிய மூட்டைகள் ரயிலில் வந்தன. விலை கொடுத்து வாங்கக் கையில் காசு இல்லை. காட்டுக் கிழங்கையும் கீரையையும் தேடி மலையடிவாரத்துக்குப் போனார்கள். இன்று நான் ஜன்னலோரம் உட்கார்ந்து புறநானூறு படிக்கிற அதே பாதை, அதே மலை.

அந்த வருடங்களில் புறநானூறு எங்கே இருந்தது? மடங்களிலும் சில வீடுகளிலும் ஏட்டுக்கட்டாக. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையரிடம் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். அவர் சேலம்காரர் என்பதில் எனக்கு ஒரு சின்ன ஊர்ப்பெருமை உண்டு. அந்தக் கேள்வியிலிருந்து 1887இல் சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. பஞ்சத்தில் ஐந்தில் ஒரு பங்கை இழந்த நிலத்துக்கு, பசித்தவருக்குச் சோறு போட்ட பழைய அரசன் ஒருவனின் பாட்டு பதினெட்டு வருடம் தாமதமாக அச்சில் வந்து சேர்ந்தது. முன்னாலேயே வந்திருந்தால் ஒரு பிடி அரிசி கூடியிருக்காது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்தபோது கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை.

பத்துப்பாட்டு பதிப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதில் ஒன்று கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு. தலைவியும் தோழியும் அருவியில் குளித்துவிட்டு மலைப்பாறையில் பூக்களைப் பறித்துக் குவிக்கிறார்கள். கபிலர் 99 பூக்களின் பெயர்களை அடுக்குகிறார். ஐயருக்குக் கிடைத்த ஏடுகளில் இந்த இடத்தில் சில பூக்களைக் காணவில்லை. பூக்களைத் தேடி ஏடு ஏடாக அலைந்தார். கடைசியில் தருமபுரம் ஆதீனத்தில் இருந்த ஏட்டில் விடுபட்ட பெயர்கள் கிடைத்தன. தருமபுரம் மயிலாடுதுறைப் பக்கம் இருப்பது, எங்கள் தருமபுரி இல்லை. முதல்முறை அவசரமாகப் படித்தபோது தருமபுரி என்று நினைத்துக் கொஞ்ச நேரம் மிதந்துகொண்டிருந்தேன்.

ஒரு பூவின் பெயர் ஏட்டிலிருந்து உதிர்ந்தால் தேடிக் கொண்டுவர ஒருவர் கிளம்பினார். கண்ணிலிருந்து உதிர்ந்தவற்றை என்ன செய்வது? பி.எல். சாமி சங்க இலக்கியத்துச் செடிகொடிகளை ஒவ்வொன்றாகத் தாவரவியல் பெயர்களோடு பொருத்த முயன்றார். சு. தியடோர் பாஸ்கரன் காட்டுயிர் பற்றித் தமிழில் எழுதும்போதெல்லாம் சொற்கள் தொலைவதைப் பற்றிக் கவலைப்படுகிறார். இவர்களைப் படித்துவிட்டு நான் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் திறந்தேன். 99 வரிகள். பார்த்த பூவுக்கு எதிரில் தேதியும் இடமும். ஞாயிற்றுக்கிழமை வாணியாற்றுக் கரைப் பக்கம் நடந்தால் ஒன்றிரண்டு சேரும். ஏற்காட்டு மலையில் பிறந்து பாப்பிரெட்டிப்பட்டிக்கு மேலே அணையில் தேங்கி வரும் ஆறு அது. ஆறு என்று சொல்வது மழை பெய்த மாதங்களில் மட்டும்.

வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பட்டியலைவிட அம்மா வேகமாக இருந்தார். கருவிளை எது என்று நான் போனில் படம் தேடிக்கொண்டிருந்தபோது “சங்குப்பூடா, வேலியில இருக்கு பாரு” என்றார். சிந்துவாரம் என்று கபிலர் சொல்வது நொச்சி. சளி பிடித்தால் ஆவி பிடிக்கும் இலை. குடசம் வெட்பாலை என்கிறார்கள். ரயில் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் மஞ்சளாகக் கிடப்பது ஆவிரை. போகிப் பண்டிகையன்று எங்கள் வீட்டில் காப்புக் கட்டுவோம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசல் கூரையில் செருகுவது. தோட்டம், மாட்டுக்கொட்டகை, கிணறு எல்லாவற்றுக்கும் ஒரு கட்டு. அந்தப் பூளையும் ஆவிரையும் கபிலரின் பட்டியலில் இருக்கின்றன, அடுத்தடுத்த வரிகளில். குறிஞ்சிப்பாட்டின் பெயரே கேள்விப்படாத கைகள் ஒவ்வொரு தையிலும் அதன் இரண்டு பூக்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கின்றன. பொங்கலுக்கு முந்தின நாள் சந்தையில் கட்டு கட்டாக விற்கிறார்கள். ரியல் எஸ்டேட் கற்கள் நட்ட புறம்போக்கில் பூளை குறைந்துகொண்டே வருவதால் விலையும் ஏறுகிறது.

சரி, அதியமானுக்கு என்ன ஆயிற்று? நெல்லி தின்றவள் இருக்க, கொடுத்தவன் போய்விட்டான். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்தான். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அவனைப் பாடியவர் அரிசில் கிழார். பரிசு ஒன்பது லட்சம் பொன்னும் அரியணையும் என்று பதிகம் சொல்கிறது. அரியணை வேண்டாம் என்று அமைச்சராக மட்டும் இருந்தாராம். அதே அரிசில் கிழார் தகடூரில் விழுந்த எழினிக்கும் இரங்கல் பாடியிருக்கிறார். இந்தப் போரைப் பற்றி ‘தகடூர் யாத்திரை’ என்று ஒரு நூலே இருந்தது. முழுதாகக் கிடைக்கவில்லை. உரைகளிலும் புறத்திரட்டிலும் சில பாடல்கள் சிதறிக் கிடைக்கின்றன. எங்கள் ஊரைப் பற்றிய ஒரே பழைய புத்தகம் எங்களிடம் இல்லை.

அஞ்சி இறந்தபின் ஔவை பாடியவற்றில் 232ஆம் பாடல் நடுகல்லைப் பற்றியது. மயிற்பீலி சூட்டிய கல்லுக்கு முன்னால் சின்னக் கலத்தில் கள்ளை ஊற்றுகிறார்கள். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடுகற்கள் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கின்றன. பல இடங்களில் அவருக்குப் பெயர் வேடியப்பன். வில்லும் கத்தியும் பிடித்த கல் வீரனுக்கு மஞ்சள் பூசி, பொங்கல் வைத்து, சேவல் அறுக்கிறார்கள். இறந்தவர் யார், எந்தச் சண்டை என்பது கும்பிடுகிறவர்களுக்குத் தெரியாது, தேவையும் இல்லை. சாப்பாடு மட்டும் நிற்கவில்லை.

235ஆம் பாடலை நான் அடிக்கடி திறப்பதில்லை. அதில் மறுபடி சாப்பாட்டுக் கணக்கு. கள் கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறைய இருந்தால் நாங்கள் பாட, சேர்ந்து குடிப்பான். சோறு கொஞ்சமானாலும் பல தட்டு, நிறைய ஆனாலும் பல தட்டு. எலும்போடு கறி இருக்கும் இடமெல்லாம் எங்களுக்கு, அம்பும் வேலும் வரும் இடமெல்லாம் அவனுக்கு. அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணர்களின் உண்கலத்தைத் துளைத்து, கேட்பவர்களின் கையைத் துளைத்து, புலவர்களின் நாவில் போய் விழுந்தது என்கிறார். வேல் சோற்றுப் பாத்திரத்தின் வழியாகப் போவதைப் பசித்திராத ஒருவரால் எழுத முடியாது. முடிக்கும்போது ஒரு பூ வருகிறது. குளிர்ந்த நீர்த்துறையில் பூத்து, யாரும் சூடாமல் கழியும் பகன்றைப் பூப்போல, பிறருக்கு ஒன்றும் கொடுக்காமல் கழிகிற உயிர்கள் எத்தனையோ.

பகன்றை கபிலரின் 99இலும் உண்டு. சிவதை என்று இன்றைய பெயர் சொல்கிறார்கள். என் கோப்பில் அந்த வரி ரொம்ப நாள் காலியாக இருந்தது. போன மழைக்குப் பிறகு ஒரு காலையில் வாணியாற்றங்கரைப் புதரில் ஒரு கொடி ஏறியிருந்தது. காபி டம்ளர் வாய் அகலத்துக்கு வெள்ளைப் பூ. பக்கத்தில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் இது சிவதைதானா என்று கேட்டேன்.

“ஆமா, சிவதைதான். வேர வயித்துக்குக் குடுப்பாங்க, பேதிக்கு.”

“பூவ யாராச்சும் பறிப்பாங்களா தாத்தா, வெச்சுக்க, சாமிக்குப் போட?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இதப் போயி யாரு தம்பி வெப்பா?” என்று சொல்லிவிட்டு ஆட்டைத் திருப்பப் போனார்.